பக்கத்திலேயே ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது: நம் சங்கத்தின் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழு உறுப்பினர்களுக்கும்,

போன மாதம் நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையைப் படித்தேன். இலங்கையின் வடக்கே வன்னியில் நாம் இத்தனை ஆண்டுகளாகத் துணை நின்ற பிரதேச வைத்தியசாலைக்கு இனி எதுவும் போகாது. சேமிப்பில் இருக்கும் தொகை முழுவதும் அதே வைத்தியசாலையிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில், சங்கத்தின் பெயரில் எழும்பப்போகும் இரண்டு மாடி மருத்துவ நிலையத்துக்குப் போகும். சிங்கப்பூரிலிருந்து தொண்டூழிய மருத்துவர்களும் தாதிகளும் முறைவைத்துப் போய் அதை நடத்துவார்கள். இதுதான் உங்கள் முடிவு. செயலாளருக்கு இரண்டு பக்கம் எழுதிக் கேட்டேன். "கவனத்தில் கொள்ளப்பட்டது" என்று ஒரு வரி வந்தது. அதனால்தான் எல்லா உறுப்பினர்களும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

அரசாங்க மருத்துவமனை வார்டில் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். சங்கத்தின் ஆயுள் உறுப்பினர். வன்னிக்குப் போன குழுக்களில் பலமுறை போயிருக்கிறேன். பெட்டி தூக்கியிருக்கிறேன், பதிவேடு எழுதியிருக்கிறேன். ஆகவே தூர இருந்து குறை சொல்கிறாள் என்று யாரும் ஒதுக்க வேண்டாம்.

சுற்றறிக்கையில் "நடமாடும் முகாம்களின் வெற்றி" என்று ஒரு பத்தி வருகிறது. புதிய நிலையத்துக்கு அதுதான் அடிப்படையாம். அந்த முகாம் ஒன்றில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்துக் கொட்டகை. எழுபதைத் தாண்டிய ஓர் அம்மா, தலைசுற்றி இரண்டு தடவை கிணற்றடியில் விழுந்ததாகச் சொல்லிக்கொண்டு வந்தார். கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் இரண்டு கொப்பிகள். ஒன்று வைத்தியசாலையின் கிளினிக் கொப்பி, அட்டை பழுத்து, ஓரமெல்லாம் மடங்கிப்போனது. மற்றது நம் சங்கத்தின் சின்னம் போட்டது, பளபளவென்று. வைத்தியசாலைக் கொப்பியில் லொசார்டன் 50 மில்லிகிராம். நம் கொப்பியில் வேறு வணிகப் பெயரில் அதே லொசார்டன், கூடவே அம்லோடிபின். அவர் எல்லாவற்றையும் சேர்த்தே விழுங்கிக்கொண்டிருந்தார். "இது ஆஸ்பத்திரிக் குளிசை, இது சிங்கப்பூர்க் குளிசை பிள்ளை. ரெண்டும் பிரசருக்குத்தான். சிங்கப்பூர்க் குளிசை நல்ல கெட்டியெண்டு சனம் சொல்லுது" என்றார். இரத்த அழுத்தம் எடுத்தால் மேல் எண் 96, அந்த வயதில் தலைசுற்றி விழவைக்கும் அளவுக்குக் குறைவு.

நம் மருத்துவர் எழுதியதில் பிழை இல்லை. வைத்தியசாலை மருத்துவர் எழுதியதிலும் இல்லை. ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரிய வழி இல்லை, அவ்வளவுதான். ஓர் ஊரில் இரண்டு மருத்துவ ஏற்பாடுகள் ஒன்றையொன்று பார்க்காமல் ஓடினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய ஆய்வு எனக்குத் தேவைப்படவில்லை. அந்த முகாமின் அறிக்கையில் அவர் "பயனடைந்தோர்" கணக்கில் ஒருவர்.

இன்னொன்று. முகாம் நாளுக்கு நாம் ஓட்டுநருக்குக் கொடுத்த படி, வைத்தியசாலையில் ஒப்பந்தத்தில் வேலை பார்த்த ஓட்டுநரின் ஒரு வாரச் சம்பளத்துக்குக் கிட்ட வரும். முகாம் நடக்கும் நாட்களில் அவர் அங்கே லீவு போட்டுவிட்டு இங்கே வந்தார். ஆம்புலன்ஸ் கொட்டகையில் நின்றது. அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நாம் அனுப்பிய ஸ்கேன் கருவியின் கதையும் உங்களுக்குத் தெரியும்: வைத்தியசாலையின் இருப்புப் பதிவேட்டில் ஏறாததால் அதைப் பழுதுபார்க்க அரசுப் பணம் ஒதுக்க முடியாது, இயக்கத் தெரிந்தவரும் இல்லை. படுக்கை விரிப்பு போர்த்தி மூலையில் வைத்திருக்கிறார்கள்.

சரி, எது வேலை செய்தது? குடும்பநல உத்தியோகத்தர்களின் மோட்டார் சைக்கிளுக்கு நாம் கொடுத்த எரிபொருள் பணம். தடுப்பூசி வைக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றிக் கொடுத்த கம்ப்ரசர். கிணற்றுக்கு ஒரு பம்ப். மருந்து இருப்பைக் கணினியில் ஏற்ற, உள்ளூர்ப் பெண் ஒருவருக்குக் கொடுத்த மாதச் சம்பளம். இவை எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு ஆகும் தொகை, நிதி திரட்டு விருந்துக்கு நாம் மண்டபம் எடுக்கும் செலவைவிடக் குறைவு. இலங்கையில் வீடுவீடாகப் போகும் இந்தக் குடும்பநல உத்தியோகத்தர் முறை நேற்று வந்ததல்ல. பிரசவத்தில் தாய் இறப்பது தெற்காசியாவில் அங்கே இவ்வளவு குறைந்ததற்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம். ஒருவருக்கு மூவாயிரம் பேருக்கு மேல் பொறுப்பு. வன்னியில் அந்த மூவாயிரம் பேர் எவ்வளவு தூரம் சிதறிக் கிடக்கிறார்கள் என்பது அந்தச் செம்மண் பாதையில் போனவர்களுக்குத் தெரியும். பெட்ரோல் இல்லாவிட்டால் அந்த அக்கா வரமாட்டார். அவர் வராவிட்டால் கர்ப்பிணியின் கால் வீங்கியிருப்பதை யாரும் பார்க்கமாட்டார்கள்.

நீங்கள் சொல்லும் காரணங்களுக்கு வருகிறேன். "கொடையாளர்களுக்குக் கண்ணால் காட்ட ஒன்று வேண்டும்" என்கிறீர்கள். வண்டியில் ஊற்றிய பெட்ரோலைப் படம் எடுத்து ஆண்டு மலரில் போட முடியாது, உண்மைதான். ஆனால் கொடையாளர்கள் கட்டடம்தான் கேட்கிறார்கள் என்று எப்போது அவர்களைக் கேட்டீர்கள்? நான் பணம் கொடுத்தவள். என்னை யாரும் கேட்கவில்லை.

"நிர்வாகச் செலவைக் குறைக்கிறோம்" என்பது அடுத்தது. நிர்வாகச் செலவு என்று நீங்கள் வெட்டியது அந்த மருந்துக் கணக்குப் பெண்ணின் சம்பளத்தை. 2022 ஏப்ரலில் இலங்கை கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று அறிவித்து, நாடு முழுக்க மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது என்ன நடந்தது என்று நினைவிருக்கிறதா? எந்த மருந்து எத்தனை வாரத்துக்கு இருக்கிறது என்று அவரால் சொல்ல முடிந்தது. அதனால் நம் பட்டியல் சரியாக அமைந்தது: இன்சுலின், சேலைன், நாய்க்கடி ஊசி. வேறொரு குழு அதே நேரத்தில் அட்டைப் பெட்டி அட்டைப் பெட்டியாக இருமல் மருந்து அனுப்பியது. அந்தக் கணக்கு இல்லாதிருந்தால் நாமும் அதைத்தான் அனுப்பியிருப்போம்.

மூன்றாவது காரணம் கனமானது. "அந்த அரசாங்கத்தை எப்படி நம்புவது?" கூட்டத்தில் இதைக் கேட்ட பெரியவரின் குடும்பத்தில் பட்ட இழப்பு எனக்குத் தெரியும். அவரிடம் நான் வாதாடப் போவதில்லை. 2008 செப்டம்பரில் ஐ.நா. அமைப்புகளையும் தொண்டு நிறுவனங்களையும் வன்னியை விட்டு வெளியேறச் சொன்னது அந்த அரசாங்கம்தான். செஞ்சிலுவைச் சங்கம் போன்ற மிகச் சிலரே தங்க முடிந்தது. போர் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பின் ஏறக்குறைய மூன்று லட்சம் பேரை முள்வேலிக்குள் வைத்ததும் அதே அரசாங்கம்தான். இதை மறந்துவிட்டு உதவி செய்யச் சொன்னால் அது அயோக்கியத்தனம்.

ஆனால் அந்தக் கடைசி மாதங்களில் வன்னிக்குள் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டிருந்தது யார்? வைத்தியசாலை ஷெல்லடிபட்டதும் புதுக்குடியிருப்பிலிருந்து புதுமாத்தளனுக்கும் அங்கிருந்து முள்ளிவாய்க்காலுக்கும் இடம் மாறி, பள்ளிக்கூடத்திலும் தறப்பாளுக்குக் கீழும் காயக்காரரைப் பார்த்தது யார்? அரசாங்கச் சம்பளப் பட்டியலில் இருந்த தமிழ் மருத்துவர்களும், சுகாதார ஊழியர்களும், அவர்களோடு சேர்ந்து நின்ற உள்ளூர்த் தொண்டர்களும். வெளியிலிருந்து வந்த நிறுவனங்கள் போகச் சொன்னதும் போக வேண்டியிருந்தது. அந்த மண்ணில் வேலை பார்த்தவர்கள் இருந்தார்கள்.

அரசாங்கம் என்றால் கொழும்பு மட்டும் இல்லை, தலைவர் அவர்களே. நம் வைத்தியசாலை மாகாண சபையின் கீழ் வருவது. 1987-இல் இலங்கை அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தத்தில் பிறந்த ஏற்பாடு. வட மாகாணத்துக்கென்று தனியாக முதல் தேர்தல் நடக்கவே 2013 செப்டம்பர் ஆனது. 2018 அக்டோபரில் அதன் காலம் முடிந்த பிறகு இன்னொரு தேர்தல் நடக்கவில்லை, ஆளுநர்தான் நடத்துகிறார். அந்தச் சபையின் கீழ் இருக்கும் ஆஸ்பத்திரியும் வெறிச்சோடிப்போனால் "பாருங்கள், இவர்களால் நடத்த முடியாது" என்று சொல்லிக் கொழும்பு எடுத்துக்கொள்வது எவ்வளவு சுலபம்! பக்கத்தில் நாம் மாடி கட்டி, அங்கிருக்கும் நோயாளியையும் ஓட்டுநரையும் இழுத்துக்கொண்டால், அந்த வேலையை நாமே முடித்துக் கொடுத்ததாக ஆகும். கொழும்பை நம்பாதவர்கள்தான் முதலில் அந்த மாகாண வைத்தியசாலையைத் தூக்கி நிறுத்த வேண்டும்.

நம்மைப் போன்ற சின்னச் சங்கத்துக்கு இவ்வளவு பெரிய பேச்சு எதற்கு என்று கேட்கலாம். பெரியவர்கள் செய்த தவறை நாம் சின்ன அளவில் செய்யப்போகிறோம் என்பதால்தான். ஹைட்டியில் 2010 நிலநடுக்கத்துக்குப் பிறகு வந்த அவசர உதவியில் அந்த நாட்டு அரசாங்கத்தின் கைக்குப் போனது நூற்றுக்கு ஒன்று அளவுதான் என்று ஐ.நா. சிறப்புத் தூதர் அலுவலகமே கணக்குச் சொன்னது. அரசாங்கம் பலவீனமானது, ஊழல் மிகுந்தது என்று எல்லாரும் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். சுற்றிப் போகப் போக அது இன்னும் பலவீனமானது. இன்று அங்கே தலைநகரின் பெரும்பகுதி ஆயுதக் கும்பல்களின் கையில்.

ஆப்கானிஸ்தானில் பணம் அமைச்சு வழியாகத்தான் போனது, ஆனால் பணமே வெளிநாட்டுடையது. 2021 ஆகஸ்ட்டுக்கு முன் அந்த நாட்டின் பொதுச் செலவில் ஏறக்குறைய முக்கால் பங்கு நன்கொடை. தாலிபான் வந்தது, பணம் நின்றது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சுகாதார நிலையங்களை நடத்திய திட்டத்தில் முழுமையாக இயங்கியவை 17 விழுக்காடுதான் என்று அடுத்த மாதமே உலகச் சுகாதார நிறுவனம் சொன்னது. கொடுப்பவர் கைவிட்டுப் போக அங்கே ஓர் ஆட்சி மாற வேண்டியிருந்தது. 2025-இல் அதுவும் தேவைப்படவில்லை: ஜனவரியில் வாஷிங்டனில் ஒரு கையெழுத்து, ஜூலையில் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யூஎஸ்எய்டின் வேலையே நின்றுபோனது. அமெரிக்காவின் கதையே இதுவென்றால், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை செயற்குழு மாறும் நம் சங்கம் எம்மாத்திரம்? அடுத்த குழுவுக்கு வன்னியில் ஆர்வம் இல்லையென்றால் அந்த இரண்டு மாடியில் யார் விளக்குப் போடுவார்கள்?

உள்ளூர்க்காரர்களிடம் நேரே கொடுங்கள் என்பது புதுக் கருத்தும் இல்லை. 2016-இல் இஸ்தான்புல்லில் பெரிய நாடுகளும் அமைப்புகளும் கூடி, 2020-க்குள் மனிதநேய உதவியில் கால் பங்கு உள்ளூர் அமைப்புகளுக்கு இயன்றவரை நேரடியாகப் போகும் என்று உறுதி சொன்னார்கள். அதன் கிட்டேகூடப் போகவில்லை. அவர்களும் கண்ணால் காட்ட ஏதாவது வேண்டும் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

நடந்த இடமும் உண்டு. திமோர் லெஸ்தே. சிங்கப்பூர்ப் படையினரும் மருத்துவக் குழுவும் பணியாற்றிய நாடு, நம்மில் சிலருக்கு அங்கே போய்வந்த சொந்தக்காரர்கள் இருப்பார்கள். 1999 வாக்கெடுப்பில் 78.5 விழுக்காட்டினர் இந்தோனேசியாவிடமிருந்து சுதந்திரம் கேட்டதும், அதை எதிர்த்த ஆயுதக் குழுக்கள் ஊரையே எரித்தன. மருத்துவ நிலையங்களில் பெரும்பாலானவை சேதமாயின. மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில் மிஞ்சினார்கள். முதலில் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள்தான் மாவட்டங்களைப் பார்த்துக்கொண்டன. ஆனால் 2000-இல் உள்ளூர்க்காரர்களும் சேர்ந்த ஓர் இடைக்காலச் சுகாதார அமைப்பை உருவாக்கி, மாவட்ட வாரியாகத் திட்டம் போட்டு, எப்போது ஒப்படைப்பது என்பதையும் பேசி வைத்தார்கள். ஓரிரு ஆண்டில் நிறுவனங்கள் விலகின, பொறுப்பு நாட்டுக்காரர்கள் கைக்கு வந்தது. அப்புறம் நூற்றுக்கணக்கான இளைஞர்கள் கியூபாவில் மருத்துவம் படித்துத் திரும்பினார்கள். எல்லாம் தேனும் பாலுமாக ஓடியது என்று சொல்லவில்லை. 2006-இல் தலைநகர் டிலியில் மறுபடி கலவரம் வெடித்து, வெளிநாட்டுப் படைகளைத் திரும்ப அழைக்க வேண்டியிருந்தது. என்றாலும் மருத்துவ நிலையங்கள் அவர்களுடையவை. 2025 அக்டோபரில் ஆசியானின் பதினோராவது உறுப்பு நாடாகச் சேர்ந்தார்கள்.

நம் சிங்கப்பூரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1961 மே 25-இல் புக்கிட் ஹோ சுவீ தீயில் ஏறக்குறைய 16,000 பேர் வீடிழந்தார்கள். உதவி குவிந்தது. ஆனால் அவர்களுக்கு வீடு கட்டியது அப்போது ஒரு வயது தாண்டியிருந்த வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம். வெளியிலிருந்து வந்த ஒரு சங்கம் தன் பெயரில் பத்து வீடு கட்டிவிட்டுப் போயிருந்தால் வீவக எங்கே கற்றுக்கொண்டிருக்கும்? டச்சுப் பொருளியல் நிபுணர் வின்செமியஸ் தலைமையில் வந்த ஐ.நா. குழு ஆலோசனை சொன்னது. பொருளியல் வளர்ச்சிக் கழகத்தை நடத்தியது சிங்கப்பூர். நமக்கு இப்படித்தான் உதவி வந்தது என்பதை இங்கே யாரும் மறுக்கமாட்டார்கள். வன்னிக்கு என்று வரும்போது மட்டும் ஏன் நாமே போய் உட்கார்ந்து நடத்த வேண்டும் என்று தோன்றுகிறது?

நடைமுறைக் கேள்விகள் சில. வெளிநாட்டு மருத்துவர் இலங்கையில் நோயாளியைப் பார்க்க வேண்டுமென்றால் இலங்கை மருத்துவ சபையில் தற்காலிகப் பதிவு வேண்டும். முறைவைத்து வருபவர்கள் ஒவ்வொருவருக்கும் அது வேண்டும். சுற்றறிக்கையில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை. சிங்கப்பூரில் வெளிநாட்டு அறப்பணிக்கென்று பொதுமக்களிடம் திரட்டும் நிதியில் பொதுவாக 80 விழுக்காட்டை இங்கேயே செலவழிக்க வேண்டும், அறநிறுவனங்களுக்கான ஆணையர் விலக்கு கொடுத்தால் ஒழிய. ஆக வன்னிக்குப் போகும் ஒவ்வொரு சிங்கப்பூர் வெள்ளியும் அரிய வெள்ளி. அதை சிமெண்டில் போடுகிறீர்கள். இரண்டு மாடிக்கும் ஆண்டுதோறும் ஆகும் மின்சாரம், காவலாள், பராமரிப்பு எங்கிருந்து வரும் என்பதற்கும் விடை இல்லை.

கட்டித்தான் ஆக வேண்டும் என்று கை துறுதுறுத்தால், கட்ட வேண்டியது ஒன்று அங்கே இருக்கிறது. தாதிகளின் குவாட்டர்ஸ். நான் அதில் இரவு தங்கியிருக்கிறேன். ஓடு உடைந்த இடத்தில் தறப்பாள். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, உள்ளே போகிறவர் வாளியில் தண்ணீர் நிரப்பிக் கதவுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். மழைக்காலத்தில் பாம்பு வரும் என்று கட்டில் கால்களைச் செங்கல் மேல் ஏற்றியிருந்தார்கள். இளம் தாதி ஒருத்தி அங்கே எத்தனை நாள் தாக்குப்பிடிப்பாள்? யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வந்து, திரும்பும் பஸ்ஸுக்குப் பிற்பகலிலேயே கிளம்புகிறார்கள். அதன் பிறகு பிரசவ வலி வந்தால் மாவட்ட வைத்தியசாலைக்கு ஓட வேண்டும். நியமனம் இருக்கிறது, சம்பளத்தை அரசு கொடுக்கிறது, தங்க இடம்தான் இல்லை. உங்கள் இரண்டு மாடியின் ஒரு சின்னப் பங்கில் அது சரியாகும். அதன் மேல் பெயர்ப்பலகை வைக்கச் சுவரில் இடம் இருக்காது, அவ்வளவுதான்.

ஆகவே நான் கேட்பவை இவை.

கட்டட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இந்த முடிவை உறுப்பினர்களின் வாக்கெடுப்புக்கு விடுங்கள். அதற்கு முன் திட்டத்தின் முழுச் செலவையும், கட்டிய பிறகு பத்து ஆண்டு நடத்துவதற்கான செலவையும் எழுத்தில் அனுப்புங்கள்.

எரிபொருள் பணத்தையும் மருந்துக் கணக்குப் பெண்ணின் சம்பளத்தையும் உடனே திரும்பத் தொடங்குங்கள். வாக்கெடுப்பு வரை காத்திருக்க வேண்டாம். அவர் இந்த மாதம் சம்பளம் இல்லாமல்தான் வேலைக்கு வருகிறார். அந்தப் பதவியை மாகாணச் சுகாதாரத் துறை எப்போது தன் பட்டியலில் ஏற்கும் என்று அவர்களோடு பேசி ஒரு கால எல்லையும் வையுங்கள்; என்றென்றைக்கும் நாமே கொடுத்துக்கொண்டிருப்பதும் சரியில்லை.

கட்டடப் பணத்தில் முதல் பங்கைக் குவாட்டர்ஸுக்குக் கொடுங்கள். என்ன தேவை என்பதை வைத்தியசாலையின் நோயாளர் நலன்புரிச் சங்கமும் பிராந்திய சுகாதாரப் பணிப்பாளர் அலுவலகமும் சொல்லட்டும், நாம் இங்கே உட்கார்ந்து படம் வரைய வேண்டாம். அவர்களை நம்பாவிட்டால் கணக்குக் கேளுங்கள். ரசீது கேளுங்கள். தணிக்கைக்கு ஆள் அனுப்புங்கள், நான் என் செலவில் போகிறேன்.

இனி போகும் எந்தத் தொண்டூழியரும் வைத்தியசாலைக்குள், அங்குள்ள மருத்துவரின் பொறுப்பில், அவர்களின் கிளினிக் கொப்பியிலேயே எழுதட்டும். நம் சின்னம் போட்ட கொப்பிகளைத் திரும்பப் பெறுங்கள். அங்குள்ள ஊழியருக்குக் கொடுக்கும் படி அவர்களின் சம்பள அளவைத் தாண்டக் கூடாது என்று விதி செய்யுங்கள்.

இவற்றுக்குப் பதில் பொதுக்கூட்ட அறிவிப்பு வெளிவருவதற்கு முன் எழுத்தில் வேண்டும். வராவிட்டால், விதிமுறைப்படி சிறப்புப் பொதுக்கூட்டம் கேட்டு உறுப்பினர்களிடம் கையெழுத்து வாங்கத் தொடங்குவேன். சிலர் இப்போதே போட்டுத் தந்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஆயுள் உறுப்பினர், ஓய்வுபெற்ற தாதி
அங் மோ கியோ, சிங்கப்பூர்